மதகடியில் கொடி பிடித்த புஸ்பம்

ஆண்டு மலர் போடுகிற குழுவினர் என்னிடம் வந்து, "ஹாஜியார், உங்கட வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றார்கள். என்னைப் பற்றி யாருக்கு எழுதிக் காட்ட வேண்டிக்கிடக்கு? வாகரையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஆதம்பாவாவின் றோலர் உருளாத றோட்டு எது என்று ஒருவர் விரல் நீட்டிக் காட்டட்டும் பார்ப்போம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினாலு வயதில் தார்ப் பீப்பாவுக்குக் கீழே விறகு தள்ளினேன். இன்றைக்கு மூன்று றோலரும் ஐந்து டிப்பரும் என் பெயரில் ஓடுகின்றன. தார் கொதிக்கிற மணத்தை வைத்தே பதம் சொல்லுவேன். கருவி வைத்துப் பார்க்கிற இஞ்சினியர்மாரும் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இதை நான் எழுதாவிட்டாலும் றோட்டுச் சொல்லும்.

ஆனபடியால் நான் எழுதப் போவது என்னிடம் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி. எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

அவளுடைய பெயர் புஸ்பம். வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது படுவான்கரை, கலியாணம் முடித்து வந்தது தாளங்குடாவுக்கு. புருசன் வாவியில் இறால் பிடித்தவன். ஒரு காய்ச்சலோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. அந்த மாதமே என் வேலைத்தளத்துக்கு வந்து நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும்.

"என்ன புள்ள, கல்லுச் சுமப்பியா?" என்று கேட்டேன்.

"சுமந்து காட்டவா, சொல்லிக் காட்டவா?" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆளைப் பார்த்தவுடன் எடை போடுவதில் நான் இதுவரைக்கும் தவறியதில்லை. பதினெட்டு வருசம் கல்லும் தாரும் சுமந்தாள். மாங்கேணிப் பக்கம் றோட்டுப் போட்ட நேரம் டிப்பரிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கி, வலது முழங்கால் மடிந்துபோய் விழுந்தாள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தம்பி வீட்டில் போய் இருக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாரும் புத்தி சொன்னார்கள். அவள் நொண்டிக்கொண்டு வேலைத்தளத்தில் என் வாடிக் கொட்டிலுக்கு வந்தாள்.

"முதலாளி, தம்பி பொஞ்சாதிர கையால சோறு வாங்கித் தின்ன எனக்கு ஏலாது. நிண்டுகொண்டு செய்யுற வேலை ஏதும் இருந்தாத் தாங்க."

கொடி பிடிக்கிற வேலையைக் கொடுத்தேன். பெண்பிள்ளையின் கொடிக்கு லொறிக்காரன் நிற்பானா என்று என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு கிழமையில் வாய் மூடினார்கள்.

கொடி பிடிப்பது என்றால் சும்மா துணியை ஆட்டுவது என்று நினைக்கிறீர்களோ தெரியாது. பாதி றோட்டை வெட்டி வேலை செய்கிறபோது, மற்றப் பாதியில்தான் இரண்டு பக்கத்து வாகனமும் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகலாம். ஒரு முனையில் ஒருவர், மறு முனையில் ஒருவர். இவர் விட்டால் அவர் மறிக்க வேண்டும். ஒருவர் முந்தினால் நடுவில் முட்டிக்கொள்ளும், பிந்தினால் வரிசை அடுத்த ஊரைத் தொடும்.

இப்போது நான் சொல்ல வருகிற சங்கதி போன வருசம் சிறுபோக அறுவடை நேரம் நடந்தது. ஆரையம்பதியைத் தாண்டித் தாளங்குடாப் பக்கம் பெரிய றோட்டில் அடுத்தடுத்து மூன்று மதகை உடைத்துப் புதிதாகக் கட்டும் கொந்தராத்து எனக்கு வந்தது. நானூறு யார், அதாவது நானூறு கெஜம், நீளத்துக்குக் கடற்பக்கப் பாதியை வெட்டிவிட்டோம். வாவிப் பக்கப் பாதியில்தான் வாகனம். வடக்கு முனையில் புஸ்பம், தெற்கு முனையில் நல்லரத்தினம். நல்லரத்தினத்துக்கு அறுபது வயது. காது கொஞ்சம் மந்தம், ஆனால் கண் பருந்துக் கண்.

நடுவில் றோட்டு ஒரு வளைவு வளைவதால் ஒருவரையொருவர் காண முடியாது. வோக்கி டோக்கி இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று மதகுக் கொங்கிறீட்டுக்குள் விழுந்து இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மற்றதை வைத்து யாரோடு பேசுவது? போனில் பேசினால் நல்லரத்தினத்துக்குக் கொம்பிரசர் சத்தம்தான் கேட்கும். ஆகவே பழைய முறைக்கே போனோம். வரிசையில் கடைசியாகப் போகிற வாகனக்காரரிடம் ஒரு பூவரசங் கொப்பைக் கொடுத்துவிடுவது. அவர் அதை அங்காலே நிற்கிறவரிடம் கொடுப்பார். கொப்பு கைக்கு வந்தால் றோட்டு காலி, தன் பக்கத்தை விடலாம். இது நான் பொடியனாக இருந்த காலத்து முறை. மின்சாரமும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம்.

நானூறு யாருக்கும் நட்டநடுவில் வாவிப் பக்கமாக ஓர் ஒழுங்கை இறங்குகிறது. முப்பத்திரண்டு வீடு, ஒரு நெல்லு மில். புஸ்பம் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். "உங்கட பக்கமா வரிசை போகக்குள்ள சேர்ந்துகொண்டு போங்க. கொப்புப் போட்ட வாகனம் தாண்டிட்டா ஒழுங்கை வாயில நில்லுங்க." மில்லில் மிசின், அதுதான் ட்றக்டர், ஓடுகிற சாமித்தம்பிக்கு இரண்டு தரம் சொன்னாள். ஏனென்றால் அவன் பின்னால் பூட்டி இழுக்கிற பெட்டியில் ஐம்பது மூட்டை நெல்லு இருக்கும்.

அந்த நேரம்தான் தக்ஷாயினி என்கிற பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். றோட்டு வேலை நடக்கிற இடங்களில் ஏன் வாகனம் நெரிகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்ச்சி. இரண்டு முனையிலும் கம்பம் நட்டுக் கமெரா பூட்டினாள். றோட்டுக்குக் குறுக்கே கறுப்பு றபர்க் குழாய் ஒன்றைப் போட்டாள். சில்லு ஏறினால் அது ஒன்று, இரண்டு என்று எண்ணுமாம்.

மூன்றாம் நாள் கணினியைப் பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தாள். புஸ்பம் கேட்டாள்.

"என்ன மிஸ், கணக்கு வரல்லையா?"

"சைக்கிளே காணல்ல அக்கா. இந்த ஊரில சைக்கிள் இல்லையா?"

"ஏன் இல்லாம? எல்லாரும் உங்கட குழாய்க்கிட்ட வந்து இறங்கி, சைக்கிளத் தூக்கிக்கொண்டு கடக்கிறாங்க. கரண்டு வயர் எண்டு நினைச்சிட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தன், கேட்கிறாங்க இல்ல."

தக்ஷாயினி சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த தேத்தண்ணி கொட்டுண்டது. அன்றையிலிருந்து எதையும் புஸ்பத்தைக் கேட்டுத்தான் எழுதுவாள். என்னையும் கேட்டாள். நான் சொன்னதைத் தனிக் கொப்பியில் எழுதினாள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் நல்லாகத்தான் ஓடியது, பதியுதீன் வருகிற வரைக்கும்.

பதியுதீன் எங்கள் காத்தான்குடிக்காரன். ஆட்டோவில் சாறி, சட்டைத் துணி அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவன். அன்று காலை எட்டரை மணிக்கு வடக்குப் பக்கத்து வரிசையில் அவன்தான் கடைசி. புஸ்பம் கொப்பை அவனிடம் கொடுத்து, "காக்கா, அங்கால நல்லரத்தினம் அண்ணனிட்டக் குடுங்க" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "என்ன தங்கச்சி, இதக்கூடச் செய்ய மாட்டனா?" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் கொப்பைச் செருகிக்கொண்டு போனான்.

போனவன் போனவன்தான். நல்லரத்தினம் கொப்பு வரவில்லை என்று தன் பக்கத்தை விடவில்லை. அங்கிருந்து வரிசை வரவில்லையென்று புஸ்பமும் விடவில்லை. நடுவில் நானூறு யார் றோட்டு ஈயாடிக் கிடக்கிறது, இரண்டு பக்கத்திலும் ஹோர்ன் சத்தம் வானத்தைப் பிளக்கிறது. புஸ்பம் போன் எடுத்தாள். நல்லரத்தினத்தின் போன் தேத்தண்ணிக் கடையில் சார்ஜில் கிடந்தது. வடக்குப் பக்கம் எட்டாவதாக நின்ற ஜீப்பில் யார் தெரியுமா? எங்கள் வேலையை மேற்பார்வை செய்கிற இஞ்சினியர் நிலோஜன். பக்கத்தில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த பெரியவர்.

புஸ்பம் கொடியைக் கல்லுக் குவியலில் குத்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒழுங்கைக்குள் மூன்றாவது வீட்டுக் கடப்படி வாசலில் ஆட்டோ நிற்கிறது. முற்றத்தில் பாய் விரித்துச் சாறி பரப்பியிருக்கிறது. பதியுதீன் கையில் தேத்தண்ணி.

"காக்கா! கொப்பு எங்க?"

"ஆட்டோவில பத்திரமா இருக்கு தங்கச்சி. ஒரு இலையும் உதிரல்ல."

"அத நீங்க குடுக்கல்லயா?"

"குடுக்கத்தானே போறன். இந்தப் புள்ள கை காட்டிக் கூப்பிட்டிச்சு. ஏவாரத்த விட்டுட்டுப் போகச் சொல்லுறியா? மூணு சாறிதான் மிச்சம், காட்டிட்டு வாறன்."

"அங்க ரெண்டு பக்கமும் இருநூறு வாகனம் நிக்குது காக்கா!"

"கொப்ப நான் வெச்சிருந்தா அதுக்கென்ன?" என்று கேட்டானாம் அந்த மனிசன். கொப்பு எதற்கென்றே அவனுக்குத் தெரியாது. மதகு வேலைக்குப் பிள்ளையாருக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கிறான். இருபத்திரண்டு நிமிசம் றோட்டு நின்றதற்குக் காரணம் இதுதான்.

நிலோஜன் பின்னேரம் வாடிக்கு வந்தார். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, ஆனால் மேலிடத்துக்குப் பயம்.

"ஹாஜியார், பெரியவர் என்னை என்ன கேட்டார் தெரியுமா? நீங்க றோட்டு வேலை செய்யிறீங்களா, கோயில் திருவிழா நடத்துறீங்களா எண்டு. இனிக் கொடியும் வேணாம், கொப்பும் வேணாம். ரெண்டு முனையிலயும் தானா மாறுற லைட் வைக்கிறம்."

"அப்ப புஸ்பம்?"

"கல்லு வேலைக்குப் போடுங்க."

"அவளுக்கு முழங்கால் ஏலாது சேர்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற புஸ்பம் கொடியைச் சுருட்டினாள். கல்லு வேலை என்றால் அவளுக்கு இரண்டு கிழமை தாங்காது. பிறகு தம்பி வீட்டுக் குசினிச் சோறுதான். அவளும் அதைத்தான் நினைத்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்த நாள் தக்ஷாயினி கமெராப் படத்தோடு வந்தாள். "அக்கா, நேற்று எட்டரையிலிருந்து இருபத்திரண்டு நிமிசம் நடுவில ஒரு வண்டியும் இல்ல. ஏன்?"

புஸ்பம் நினைத்திருந்தால் நல்லரத்தினத்தின் காதில் பழியைப் போட்டிருக்கலாம். நல்லரத்தினமே, "எனக்குக் கேட்கல்ல எண்டு சொல்லு புள்ள, நான் கிழவன், எனக்கென்ன போகுது" என்றான். அவள் கேட்கவில்லை. கொப்பு சாறி பார்க்கப் போன கதையை ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "பிழை என்னிலதான் மிஸ். வழியில நிண்டு நிண்டு போறவரிட்ட நான் கொப்பக் குடுத்திருக்கக் கூடாது. இனி வரிசைய பஸ்ஸில அல்லது தூரப் போற லொறியில வெட்டிப்போட்டு அவங்களிட்டத்தான் குடுப்பன். இனி எண்டு ஒண்டு இருந்தா" என்றாள்.

தக்ஷாயினி இந்தத் தரம் சிரிக்கவில்லை. நேரே நிலோஜனிடம் போனாள்.

"நீங்க லைட் வைக்கிறது எண்டா வைங்க. ஆனா அளந்து பார்த்திட்டு வைங்க. ரெண்டு நாள் கொடி, ரெண்டு நாள் லைட். ஒரு வண்டி சராசரி எவ்வளவு நேரம் காத்து நிக்குது எண்டு நான் கணக்கெடுத்துத் தாறன். எது குறைவோ அது."

நிலோஜன் என்னைப் பார்த்தார். "லைட் கொண்டு வாற செலவு என்னோட" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிராவிட்டால் மிச்சக் கதை நடந்திராது.

நாலு நாளும் சனி, ஞாயிறு கலக்காமல் செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் நடந்தது. முதல் இரண்டு நாள் கொடி. புஸ்பம் அந்த இரண்டு நாளும் வெத்திலை கூடப் போடவில்லை. வாகனத்தை எண்ணி விடமாட்டாள், வருகிற வரிசையின் நீளத்தைப் பார்த்து விடுவாள். காலையில் ஊரெல்லாம் பட்டணத்துக்குப் போகிற நேரம் தெற்குப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வடக்குக்குக் கூடுதல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வாகனம் குறையும் என்பதும் அவளுக்குத் தெரியும். பஸ் சாரதிகள் எல்லாரும் அவளுக்கு முகப் பழக்கம். கொப்பு ஒரு தரமும் வழி தவறவில்லை.

பிறகு லைட் வந்தது. சிவப்பு, பச்சை. பக்கத்துக்கு மூன்று நிமிசம். கொடி பிடித்தவர்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு நாளும் றோட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது நிலோஜனின் கட்டளை. நிழலில் இருந்து ஆட்களுக்குத் தண்ணி ஊற்றிக் கொடு என்று புஸ்பத்துக்குச் சொன்னேன். அவள் கூடையை எடுத்து அரைக்கூடை கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"என்ன புள்ள செய்யுறாய்? டொக்டர் என்ன சொன்னவர்?"

"இனி இதுதானே வேலை முதலாளி. பழகட்டும்."

காலையில் லைட் பட்டபாடு பார்க்க வேண்டும். வடக்கில் மூன்று நிமிசம் பச்சை எரியுது, போக ஆளில்லை. தெற்கில் வரிசை கிரான்குளத்தைப் பிடித்துவிட்டது. நல்லரத்தினம் என் பக்கத்தில் நின்று, "முதலாளி, காத்துக்கு வழி விடுது பாருங்க" என்று சிரித்தான். ஆனால் தக்ஷாயினி கெட்டிக்காரி. மத்தியானம் நேரத்தை மாற்றி வைத்தாள். வடக்குக்கு ஐந்து நிமிசம், தெற்குக்கு இரண்டு. பின்னேரம் பிசகில்லாமல் போனது. இருட்டினாப் பிறகு லைட் எங்களைவிட மேல். கொடியை இருட்டில் யார் காணுவது? உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

புஸ்பமும் அதைக் கண்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நல்லாத்தான் போகுது" என்றாள். அன்றைக்கு நான் கொடுத்த சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும். தெற்குப் பக்கம் பச்சை. கல்முனையிலிருந்து வந்த பஸ் முன்னுக்கு, பின்னால் பத்துப் பதினொரு வாகனம் வருகிறது. அதே நேரம் ஒழுங்கைக்குள்ளிருந்து சாமித்தம்பி மிசினைக் கொண்டு வருகிறான். அவனுக்குக் கொப்புத்தான் அடையாளம். ஒழுங்கை வாயில் லைட் இல்லை. வடக்கே பார்த்தான், கொப்பும் இல்லை, வாகனமும் இல்லை. ஐம்பது மூட்டைப் பெட்டியோடு றோட்டில் ஏறித் தெற்கே கிறுகித் திரும்பினான். வளைவில் பஸ்ஸும் மிசினும் மூக்கோடு மூக்கு.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நேரம் முடிந்ததும் லைட் தன் பாட்டுக்கு மாறி வடக்குப் பக்கத்தை விட்டுவிட்டது. மிசினுக்குப் பின்னால் ஆறேழு வாகனம் வந்து அடைந்தது. இப்போது முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நிலோஜன் ஓடி வந்தார். பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார். எல்லாரும் பஸ்ஸுக்கும் மிசினுக்கும் நடுவில் நின்று சத்தம் போடுகிறார்கள்.

"பஸ்ஸைப் பின்னுக்கு எடு!"

"பின்னுக்குப் பத்து வண்டி நிக்குது, தலைக்கு மேலாலயா சேர் எடுக்கிற?"

"அப்ப மிசினப் பின்னுக்கு எடு!"

"பெட்டியோட மிசின் பின்னுக்குப் போனா மடிஞ்சிரும் சேர். மூட்டை எல்லாம் வாவிக்குள்ளதான். நீங்க பொறுக்கித் தாறீங்களா?" இது சாமித்தம்பி.

நான் புஸ்பத்தைப் பார்த்தேன். அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போ" என்றேன். நிலோஜனின் கட்டளையை அவர் முன்னாலேயே உடைத்தவன் இந்த ஆதம்பாவாதான்.

அவள் சண்டை நடக்கிற இடத்துக்குப் போகவில்லை. போகிற வழியில் நிலோஜனிடம், "சேர், முதல்ல அந்த ரெண்டு லைட்டையும் சிவப்பில நிப்பாட்டுங்க. அது இன்னும் ஆள அனுப்பிக்கொண்டு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். தக்ஷாயினி ஓடிப்போய் லைட்டை நிறுத்தினாள். புஸ்பம் பஸ்ஸைக் கடந்து, கார், வான், ஆட்டோ எல்லாவற்றையும் கடந்து, நொண்டி நொண்டி வரிசையின் வாலுக்குப் போனாள். கடைசியில் ஒரு மீன் லொறி. அதன் கதவில் தட்டினாள்.

"தம்பி, நீங்கதான் முதலாவது. மெதுவாப் பின்னுக்கு வாங்க, நான் பார்க்கிறன்."

"நான் கடைசிலதானே நிக்கிறன், முன்னுக்கு உள்ளவங்களச் சொல்லுங்க அக்கா."

"கடைசி போனாத்தான் முன்னுக்குள்ளவருக்கு இடம். மீனும் பழுதாப் போகும், சுறுக்கா வாங்க."

லொறி போனது. பிறகு வான். பிறகு இரண்டு கார். மோட்டர்சைக்கிள்காரரைக் கரையோரம் ஒதுக்கினாள். ஒவ்வொன்றாகத் தெற்கு முனைக்கு எடுத்துவிட்டாள். நல்லரத்தினம் அங்கே ஓடிப்போய்ப் புதிதாக யாரும் நுழையாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். கடைசியாகப் பஸ் பின்னுக்கு வந்தது. அதற்குப் பிறகு சாமித்தம்பியின் மிசின் ஒரு மூட்டையும் விழாமல் நேரே போனது, பின்னால் அந்த ஆறேழு வாகனமும் போனது. பதினேழு நிமிசம். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யன்னலால் கை தட்டினார்கள்.

சாமித்தம்பிக்கு மட்டும் கை தட்டல் கிடைக்கவில்லை. "ரெண்டு தரம் சொன்னன் உனக்கு!" என்று அவள் கத்த, "கொப்பு இல்லயே மச்சாள், நான் எதப் பார்க்கிற?" என்று அவன் திருப்பிக் கத்தினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை வாடியில் கூட்டம். தக்ஷாயினி கணக்கை வாசித்தாள். பகலில் கொடிக்கு ஒரு வண்டி சராசரி நாலரை நிமிசம் காத்து நின்றிருக்கிறது. லைட்டுக்கு எட்டு நிமிசத்துக்கு மேல். இரவில் லைட் நல்லது.

நிலோஜன் கேட்டார்: "அந்த மிசின் வந்திராட்டி லைட்டும் ஐஞ்சு நிமிசத்துக்கு வந்திருக்குமே?"

"வந்திருக்கும்" என்றாள் தக்ஷாயினி. "ஆனா மிசின் ஒவ்வொரு நாளும் வரும். ஒழுங்கைக்குள்ள முப்பத்திரண்டு வீடு இருக்கு. கொடி பிடிச்ச நாளில ஒரு தரமும் முட்டல்ல. ஏன் எண்டு நான் அக்காவக் கேட்டன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறா. லைட் வைச்ச நாங்க ஒருத்தரிட்டயும் சொல்லல்ல."

நிலோஜன் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க? லைட்டும் வேணும், கொடியும் வேணுமா?"

"சேர், நான் ஒண்டு சொல்லட்டா?" என்றாள் புஸ்பம். இத்தனை வருசத்தில் கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை. "லைட் ரெண்டு முனையிலயும் இருக்கட்டும். அது நல்ல சாமான், தூரத்துக்கே தெரியுது. ஆனா அது தானா மாற வேணாம். மாத்துற பட்டன ஒழுங்கை வாயில வைங்க. அவடத்த இருந்தா வடக்கும் தெரியும், தெற்கும் தெரியும், ஒழுங்கைக்குள்ள வாறவரும் தெரியும். வளைவுக்கு வெளிப்பக்கம்தானே ஒழுங்கை. ஆள் இருந்து அமத்தட்டும்."

"எந்த ஆள்?" என்று நிலோஜன் கேட்டார். கேட்டபோதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு நிக்கவும் தெரியும், கதிரை தந்தா இருக்கவும் தெரியும் சேர்" என்றாள் புஸ்பம்.

எல்லாரும் சிரித்தோம். நல்லரத்தினம் எழும்பி, "அப்ப எனக்கு?" என்றான். இரவில் லைட்டைத் தானாக மாற விட்டுக் காவலிருக்கிற வேலையும், காலை நெரிசல் நேரம் மட்டும் தெற்கு முனையில் மோட்டர்சைக்கிள்காரரை அதட்டுகிற வேலையும் அவனுக்குக் கொடுத்தோம். அதட்டுவதற்குக் காது தேவையில்லை.

ஒழுங்கை வாயில் பட்டன் பெட்டிக்கு வயர் இழுத்தது, மேலே தகரம் அடித்துக் கொடுத்தது, கதிரை வாங்கிக் கொடுத்தது எல்லாம் நான். முதல் நாள் அவள் அந்தக் கதிரையில் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். மஞ்சள் சட்டை, தலையில் துவாய், மடியில் பெட்டி. அன்றைக்கு அவளுடைய தம்பி ரதீஸ் பொஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவள் அவர்களுக்குக் கை காட்டக்கூட இல்லை. கண் றோட்டில்.

தக்ஷாயினியின் ஆராய்ச்சி முடிந்து புத்தகமாகக் கட்டி எனக்கு ஒன்று அனுப்பினாள். முழுக்க இங்கிலீசு. என் மகள் வாசித்துச் சொன்னாள்: உதவி செய்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் புஸ்பம். என் பெயர் இரண்டாவது. என் பெயருக்கு மேலே இன்னொருவர் பெயர் வந்து நான் சந்தோசப்பட்டது இது ஒன்றில்தான்.

மதகு மூன்றும் கட்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிற நேரம் ஒரு நாள் காலை நானும் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றேன். வடக்குப் பக்கம் சிவப்பு. வரிசையில் முதலாவதாக நிலோஜனின் ஜீப். அவர் இறங்கி நடந்து வந்தார்.

"புஸ்பம் அக்கா, எனக்கு அரசாங்கக் கச்சேரியில ஒன்பது மணிக்குக் கூட்டம். ஒரு ஜீப்தானே, விடுங்களன்."

அவள் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கூட்டம் எங்க சேர், பட்டணத்தில புளியந்தீவிலதானே? அப்ப தெற்கால போற வரிசையில எதுக்கு நிக்கிறீங்க?"

நிலோஜன் திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் சாரதி எதிர்ப்பக்கம் கிறுகிக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான். பட்டணம் வடக்கே இருக்கிறது. அவர் நெற்றியில் கை வைத்தார்.

"தெற்கு வரிசை முடிய ரெண்டு நிமிசம் இருக்கு. அது போகட்டும். மறுகா அந்த முனையிலயே ஜீப்பக் கிறுக்கி, அந்த வரிசைக்குப் பின்னால பட்டணத்துக்குப் போங்க. அதுவரைக்கும் இந்த நிழலில நில்லுங்க" என்றாள்.

அவர் நின்றார். நானும் நின்றேன். தெற்கிலிருந்து பஸ் வந்தது, இரண்டு வான் வந்தது, சாமித்தம்பியின் மிசின் ஒழுங்கை வாயில் வந்து தானாகவே நின்றது. புஸ்பம் விரலால் அவனுக்கு 'இரு' என்று காட்டிவிட்டு, கடைசி வாகனம் கடக்கிற வரைக்கும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.